வாசகர் கேள்வி – பதில்: ‘பாக்காத்’ என்ற எபிரெய வினை

*இந்த இதழில் வாசகர்களின் கேள்விகள் பலவும் ஒரே சொல்லைச் சுற்றியே வந்திருக்கின்றன. எனவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பழைய தமிழ் வேதாகமத்தின் அதிகார, வசன எண்களையே கொடுத்திருக்கிறோம். எபிரெய எண் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.*

ஐயா, ஆதியாகமம் 21:1-இல் கர்த்தர் சாராள்பேரில் ‘கடாட்சமானார்’ என்றும், ரூத் 1:6-இல் ஜனங்களைச் ‘சந்தித்து’ என்றும், யாத்திராகமம் 20:5-இல் அக்கிரமத்தை ‘விசாரிக்கிறவர்’ என்றும் இருக்கிறது. எண்ணாகமம் முதல் அதிகாரத்திலோ ‘எண்ணப்பட்டவர்கள்’. ஒத்தவாக்கிய அகராதியில் (ஒவ்வொரு எபிரெயச் சொல்லுக்கும் ஒரு வரிசை எண் தரும் நூல்) நான்குக்கும் ஒரே எண், 6485. அச்சுப் பிழையா? – வாசகர், நாகர்கோவில்

பிழை இல்லை. நான்கும் பே, கோஃப், தாலெத் என்ற மூன்று எழுத்துகளில் அமைந்த பாக்காத் என்ற ஒரே வினைதான். எபிரெய வேதாகமத்தில் இது 300 இடங்களுக்குச் சற்று மேல் வருகிறது. மொழிபெயர்ப்பாளர்களை இந்த அளவுக்குப் பாடுபடுத்திய வினைகள் அதிகம் இல்லை.

அகராதியைத் திறந்தால் பார், கவனி, சென்று காண், நலம் கேள், எண்ணு, அணிவகுத்துச் சரிபார், நியமி, ஒப்படை, கட்டளையிடு, தண்டி, குறைவுபடு என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள சூழலைப் பிடித்துக்கொள்வது மேல். பொறுப்பில் இருக்கும் ஒருவர், தம் பொறுப்புக்கு உட்பட்ட ஆளையோ பொருளையோ கண்ணால் அளந்து, கண்டதற்கு ஏற்ப ஏதாவது செய்கிறார். அந்தச் செய்கை எதுவோ அதுவே அந்த இடத்தில் பொருள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் எண்ணிக்கை. ஒரு ஆள் இல்லையென்று கண்டால் குறைவு. துன்பத்தில் இருப்பதைக் கண்டால் உதவி. தவறு கண்டால் தண்டனை. தம் வேலையை இன்னொருவரிடம் விட்டால் நியமனம்.

நம் பேச்சுவழக்கில் ‘கவனி’ படும் பாடு இதற்கு வெகு அருகில் வருகிறது. ‘மாப்பிள்ளை வீட்டாரை நல்லா கவனிச்சாங்க’ என்றால் விருந்து. ‘ஸ்டேஷன்ல நல்லா கவனிச்சாங்க’ என்றால் அடி. சொல் மாறவில்லை; யார், யாரை, எதற்காக என்பது மாறிவிட்டது.

எளிய, அன்றாடப் பயன்பாடுகளையும் பாருங்கள். 1 சாமுவேல் 17:18-இல் ஈசாய் தாவீதைப் போர்க்களத்துக்கு அனுப்பி அண்ணன்மார் நலத்தை விசாரித்து வரச் சொல்கிறார். நியாயாதிபதிகள் 15:1-இல் சிம்சோன் ஒரு வெள்ளாட்டுக்குட்டியோடு மனைவியைப் பார்க்கப் போகிறான். 2 இராஜாக்கள் 9:34-இல் யெகூ, செத்துக் கிடக்கும் யேசபேலின் உடலைக் கவனித்து அடக்கம் செய்யச் சொல்கிறான். மூன்றும் பாக்காத். கடவுள் எழுவாயாக வந்தால்தான் இந்தச் சொல் வரும் என்ற எண்ணம் பிரசங்கங்களில் பரவியிருக்கிறது. அது தவறு.

அப்படியானால் ஒரு வசனத்தில் அது நன்மைக்கா தண்டனைக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘தேவன் சந்திப்பார்’ என்றாலே ஆசீர்வாதம் என்கிறார்கள். – வாசகர், திருச்சி

வினையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கடுத்து வரும் சின்னச் சொல்லைப் பாருங்கள். ‘ஏத்’ என்பது நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ போன்றது. ‘அல்’ என்றால் ‘மேல்’.

பாடம் நடத்த வேண்டுமென்றால் சகரியா 10:3 போதும். கர்த்தர் கடாக்களின் (அதாவது தலைவர்களின்) ‘மேல்’ பாக்காத் செய்வார். ஏனெனில் அவர் தமது மந்தையாகிய யூதா வம்சத்‘தை’ப் பாக்காத் செய்திருக்கிறார். முதலாவதில் ‘அல்’, அதனால் தண்டனை. இரண்டாவதில் ‘ஏத்’, அதனால் பராமரிப்பு. ஒரே வசனம், ஒரே வினை, எதிரெதிர் விளைவு.

எரேமியா 23:2 இன்னும் கூர்மையானது. மேய்ப்பர்கள் ஆடுகளைப் பாக்காத் செய்யவில்லை. ஆகவே நான் அவர்கள்மேல் பாக்காத் செய்வேன் என்கிறார் கர்த்தர். இது திட்டமிட்ட சொல்விளையாட்டு. இரண்டு இடத்திலும் ‘விசாரி’ என்றே போட்டால் அந்த விளையாட்டு தமிழில் அப்படியே நிற்கும். பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டு வெவ்வேறு சொற்கள் வந்து அது கலைந்துவிட்டது. நலம் விசாரிப்பதும் விசாரணை நடத்துவதும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஆனால் ‘அல் வந்தால் தண்டனை’ என்று சூத்திரமாக எழுதி வைத்துக்கொண்டால் விரைவில் வழுக்கும். ‘அல்’ வரும்போது செயப்படுபொருள் என்ன என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

அக்கிரமம், பாவம், செய்கை போன்றவை செயப்படுபொருளானால், அல்லது செயப்படுபொருளே இல்லாவிட்டால், பெரும்பாலும் தண்டனை (ஆமோஸ் 3:2, ஓசியா 4:14). செயப்படுபொருள் ஒரு ஆளானால் நியமனம்: எண்ணாகமம் 27:16-இல் சபையின்மேல் ஒரு மனிதனை ஏற்படுத்தும்படி மோசே கேட்கிறான். ‘செய்ய’ என்ற வாய்பாட்டு எச்சம் தொடர்ந்தால் கட்டளை: எஸ்றா 1:2-இல் கோரேசுக்கு ஆலயம் கட்டும் பொறுப்பு தரப்படுகிறது. அதைத் தண்டனை என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் விலக்கு உண்டு. சங்கீதம் 59:5-இல் (எபிரெயத்தில் 59:6) ‘அல்’ இல்லாமலேயே ஜாதிகளுக்குத் தண்டனை. எரேமியா 49:8-இலும் அப்படியே; ஏசாவைக் குறிக்கும் விகுதி வினையோடு நேராக ஒட்டியிருக்கிறது. எரேமியா 50:18-இல் பாபிலோன் ராஜாவைத் தண்டிக்கும்போது ‘அல்’லுக்குப் பதில் ‘எல்’ (‘நோக்கி’) வருகிறது. ஆக, இடைச்சொல் வழிகாட்டும். முடிவு சொல்ல வேண்டியது சூழல்தான்.

உண்மையிலேயே இரண்டுபட்டு நிற்கும் இடமும் இருக்கிறது. ஏசாயா 24:22-இல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் அநேக நாளுக்குப் பின் ‘விசாரிக்கப்படுவார்கள்’. தண்டிக்கப்படுவார்கள் என்றும் படிக்கலாம், நினைத்துப் பார்க்கப்பட்டு விடுவிக்கப்படுவார்கள் என்றும் படிக்கலாம். முந்தின வசனத்தில் இதே வினை ‘அல்’லோடு வந்து தண்டனையைக் குறிப்பதால் முதல் வாசிப்பே வலுவானது என்பது எங்கள் கருத்து.

திருச்சி வாசகருக்கு: ‘சந்திப்பார்’ என்றாலே ஆசீர்வாதம் என்பவர்கள் ஏசாயா 10:3-ஐயும் வாசிக்க வேண்டும். அங்கே வரும் ‘பெக்குதா’ இந்த வினையின் பெயர்ச்சொல்தான். அந்த நாளில் யாரிடம் உதவிக்கு ஓடுவீர்கள் என்று கேட்கிற வசனம் அது.

யாத்திராகமம் 20:5-இல் பிதாக்களின் அக்கிரமத்துக்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்படுகிறார்களா? எபிரெயம் என்ன சொல்கிறது? – வாசகர், கோயம்புத்தூர்

இலக்கணம் சொல்வதை மட்டும் சொல்கிறோம். மற்றது இறையியல் வகுப்புக்குரியது. அமைப்பு இது: ‘போக்கேத்’ (எச்ச வடிவம், ‘விசாரிக்கிறவர்’) + ‘பிதாக்களின் அக்கிரமம்’ (செயப்படுபொருள்) + ‘பிள்ளைகள்மேல்’ (அல்). மேலே சொன்ன தண்டனை அமைப்பேதான். யாத்திராகமம் 34:7, எண்ணாகமம் 14:18, உபாகமம் 5:9 மூன்றிலும் அதே அமைப்பு. ‘வெறுமனே பார்க்கிறார்’ என்று மென்மையாக்க இலக்கணம் இடம் தரவில்லை. ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. ‘என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து’ என்ற பகுதி தொடர்கிறது. அது பிதாக்களுக்கா பிள்ளைகளுக்கா இருவருக்குமா என்பதில்தான் விவாதம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து இங்கே வழக்கமான ‘பார்’ வினையை விட்டுவிட்டு, ‘திருப்பிச் செலுத்து’ என்ற பொருளுள்ள வினையைப் போட்டது. அவர்களுக்கும் தண்டனைப் பொருளே பட்டிருக்கிறது.

‘எண்ணு’ என்பதற்கு எபிரெயத்தில் வேறு சொற்கள் இல்லையா? மக்கள்தொகைக் கணக்குக்கு ஏன் இந்தச் சொல்? தாவீது எண்ணியபோது மட்டும் கொள்ளைநோய் ஏன்? – வாசகர், மதுரை

இருக்கின்றன. ‘மானா’, ‘சாஃபார்’ இரண்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்கு. பாக்காத் அப்படியான எண்ணிக்கை அல்ல. ஆள்பிடித்துப் பதிவு செய்து, வந்தவர் வராதவர் சரிபார்ப்பது. எண்ணாகமம் 1:3 யாரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது: 20 வயதும் அதற்கு மேலும், யுத்தத்துக்குப் போகத்தக்கவர்கள், சேனை சேனையாக. கூட்டுத்தொகை 6,03,550 (1:46). லேவியர் இதில் இல்லை. அவர்கள் தனியாக, ஒரு மாதக் குழந்தை முதல் 22,000 (3:39). அவர்களிலேயே வேலைக்கு உரிய 30 முதல் 50 வயதுக்காரர் 8,580 (4:48). எதற்காகப் பதிகிறார்களோ அதற்கேற்ப வயது வரம்பு மாறுகிறது.

இப்படிப் பதிவானவர்கள் ‘பெக்குதீம்’. யாத்திராகமம் 38:21-இல் அதே சொல் ஆட்களை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு வருகிறது: ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொன், வெள்ளி, வெண்கலத்தின் கணக்கு. யூதர்கள் வாரந்தோறும் வாசிக்கும் பகுதிகளில் ஒன்றுக்கு இந்தச் சொல்தான் பெயர்.

அந்தக் கணக்கை நீங்களே தணிக்கை செய்து பார்க்கலாம். யாத்திராகமம் 30:12–13-இன்படி பதியப்படும்போது தலைக்கு அரைச் சேக்கல் மீட்புப்பணம். 6,03,550 பேருக்கு 3,01,775 சேக்கல். 38:25 தரும் தொகை 100 தாலந்தும் 1,775 சேக்கலும். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் வைத்தால் 3,00,000 + 1,775. துல்லியமாகப் பொருந்துகிறது. ஆள் கணக்கும் வெள்ளிக் கணக்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன.

இனி தாவீது. 2 சாமுவேல் 24-இல் மூன்று சொற்களும் கலந்து வருகின்றன: முதல் வசனத்தில் மானா, இரண்டாம் நான்காம் வசனங்களில் பாக்காத், தாவீதின் மனம் வாதிக்கும் 10-ஆம் வசனத்தில் சாஃபார். எனவே ‘தவறான வினையைச் செய்ததால் தண்டனை’ என்ற விளக்கம் நிற்காது. யாத்திராகமம் 30:12, பதியும்போது வாதை வராதபடி மீட்புப்பணம் கொடுக்கச் சொல்கிறது. தாவீதின் கணக்கெடுப்பில் அப்படி யாரும் கொடுத்ததாக வசனம் சொல்லவில்லை. இந்த இரண்டையும் இணைத்துப் படிப்பது பழைய வழக்கம். ஆனால் 24-ஆம் அதிகாரம் அதைத் தன் வாயால் காரணமாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஒரே சொல் மூன்று வசனங்களுக்குள் பொருள் மாறுவதற்கும் ஓர் உதாரணம்: 1 சாமுவேல் 15:2-இல் கர்த்தர் அமலேக்கு செய்ததைப் பாக்காத் செய்கிறார் – கணக்குத் தீர்க்கிறார். 15:4-இல் சவுல் தெலாயிமில் ஜனத்தைப் பாக்காத் செய்கிறான் – இரண்டு லட்சம் காலாட்படை, யூதாவில் பத்தாயிரம். முதலாவதை வைத்து இரண்டாவதை மொழிபெயர்த்தால் சவுல் தன் படையையே தண்டித்ததாகிவிடும்.

‘குறைவுபடு’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது? பார்ப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் என்ன தொடர்பு? – வாசகர், யாழ்ப்பாணம்

வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் வராதவர் தெரிகிறார். எண்ணாகமம் 31:49-இல் படைத்தலைவர்கள் ஆட்களைத் தொகை பார்த்து, ஒருவரும் குறையவில்லை என்கிறார்கள். அந்தக் ‘குறைய’வில் பாக்காத்தின் ‘நிஃபால்’ வடிவம் (பெரும்பாலும் செயப்பாட்டுவினையாக வரும் வடிவம்). நியாயாதிபதிகள் 21:3-இல் ஒரு கோத்திரம் குறைந்துபோனதற்கும் அதுவே.

1 சாமுவேல் 20-இல் இது கதையின் அச்சாகவே வருகிறது. அமாவாசை விருந்தில் தாவீதின் இருக்கை காலி. 18-ஆம் வசனத்தில் யோனத்தான் ஒரே மூச்சில் இரண்டு முறை சொல்கிறான்: உன் இடம் ‘யிப்பாக்கேத்’ (வெறுமையாகத் தெரியும்), ஆகவே நீ ‘நிஃப்காத்தா’ (தேடப்படுவாய்). அரபி மொழியின் உறவுச்சொல் ‘ஃபகத’ இந்தக் கிளையில்தான் வளர்ந்தது: இழந்தான், காணாமல் தவித்தான். பழைய மெசொப்பொத்தாமிய மொழியான அக்காடியனின் ‘பகாது’ மறு கிளை: ஒப்படை, பராமரி, நியமி, சரிபார். எபிரெயத்தில் இரண்டும் இருக்கின்றன. அதற்காக அரபிப் பொருளை எடுத்து எபிரெய வசனங்கள் எல்லாவற்றிலும் ‘கடவுள் ஏங்கித் தேடுகிறார்’ என்று ஏற்றிவிடக்கூடாது. உறவுமொழிச் சொல் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு எழுதக்கூடாது.

எபிரெயம் படித்ததில்லை. இடைவரி வேதாகமமும் (எபிரெயச் சொல்லுக்கு அடியிலேயே பொருள் தரும் பதிப்பு) சொல் எண் அகராதியும் மட்டும் இருக்கின்றன. இந்த வினையை நானே ஆராய முடியுமா? – வாசகர், சென்னை

முடியும், வரிசை தவறாமல் போனால்.

முதலில் வினை எந்த அமைப்பில் (ஒரே வேர் எடுக்கும் வெவ்வேறு வினை வடிவங்களில் எதில்) வருகிறது என்று பாருங்கள். நல்ல இடைவரிப் பதிப்புகளில் சொல்லுக்கு அடியிலேயே குறித்திருக்கும். சொல் எண் மட்டும் இதைக் காட்டாது. 6485 என்ற எண் எல்லா அமைப்புகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். முக்கால் பங்குக்கு மேல் ‘கால்’ என்ற எளிய அமைப்பு. மேலே சொன்ன கவனி, எண்ணு, தண்டி எல்லாம் இதில். ‘நிஃபால்’ என்றால் குறைவுபடு, அல்லது செயப்பாட்டுவினை. ‘ஹிஃபீல்’ என்றால் பொறுப்பைப் பிறர் கையில் கொடு. போத்திபார் யோசேப்பைத் தன் வீட்டுக்கு விசாரணைக்காரனாக்கியது (ஆதியாகமம் 39:4), எரேமியாவை ஜாதிகளின்மேல் ஏற்படுத்தியது (எரேமியா 1:10), ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் சேவகரின் தலைவர் கையில் ஒப்புவித்தது (1 இராஜாக்கள் 14:27), எலிஷாமாவின் அறையில் சுருளை வைத்தது (எரேமியா 36:20) எல்லாம் ஹிஃபீல். ‘உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்’ என்ற சங்கீதம் 31:5-உம் (எபிரெயத்தில் 31:6) அதே: ‘அஃப்கீத்’. பாதுகாப்பாக வைக்கக் கொடுக்கும் பொருளுக்கு ‘பிக்காதோன்’ என்று பெயர் (லேவியராகமம் 6:2, எபிரெயத்தில் 5:21). சங்கீதக்காரன் ஆவியைத் தொலைக்கவில்லை. திரும்ப வாங்கும் பொருளாகக் கையில் வைக்கிறான்.

அமைப்பு தெரிந்தபின் எழுவாய், செயப்படுபொருள், இடைச்சொல் மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். எழுவாய் பெரும்பாலும் மேலே இருப்பவர். ஏசாயா 26:16-இல் மட்டும் தலைகீழாக, நெருக்கத்தில் இருக்கும் ஜனம் கர்த்தரைத் தேடுகிறது.

அதன்பிறகே அகராதி. அங்கே காணும் பொருள்களில் ஒன்றைத்தான் ஒரு வசனத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இந்தச் சொல்லுக்கு எண்ணுதல், பார்த்தல், தண்டித்தல், நியமித்தல் என்று பொருள், ஆகவே கடவுள் சாராளை எண்ணினார், பார்த்தார், நியமித்தார்’ என்று எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் கொட்டுவதை மேடையில் கேட்டிருப்பீர்கள். எந்த மொழியிலும் சொல் அப்படி வேலை செய்வதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சொல் எண்ணை வைத்துத் தேடினால் பெயர்ச்சொற்கள் வராது: பெக்குதா 6486, பிக்காதோன் 6487, சங்கீதங்களில் ‘கட்டளைகள்’ என்று வரும் பிக்குதீம் 6490, அதிகாரியைக் குறிக்கும் பாக்கீத் 6496. அடுத்தது, உயிர்க்குறி இல்லாத எபிரெயத்தில் ‘பெக்குதீம்’ (பதிவானவர்கள்), ‘பிக்குதீம்’ (கட்டளைகள்) இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். பிந்தினது 24 முறை வருகிறது, அத்தனையும் சங்கீதங்களில்; அதில் 21 முறை 119-ஆம் சங்கீதத்தில்.

கண்காணி என்ற சபைப் பதவிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? – வாசகர், பாளையங்கோட்டை

கிரேக்கத்தின் வழியாக உண்டு. செப்துவஜிந்து பாக்காத்துக்கு அதிகம் பயன்படுத்திய வினை ‘எபிஸ்கெப்தொமாய்’. அதே குடும்பத்துச் சொல் ‘எபிஸ்கொப்பொஸ்’, தமிழில் கண்காணி. கண்ணெதிரே காண ஒரு வசனம்: சங்கீதம் 109:8-இல் எபிரெயம் ‘பெக்குதா’, தமிழ் ‘உத்தியோகம்’. அதையே அப்போஸ்தலர் 1:20 கிரேக்கத்தில் எடுத்தாளும்போது தமிழ் ‘கண்காணிப்பு’ என்கிறது. ஒரே வரி, இரண்டு தமிழ்ச் சொற்கள், இரண்டும் சரி.

வேதாகமத்துக்கு வெளியே அந்தக் காலத்து எபிரெயத்தில் இந்தச் சொல் கிடைத்திருக்கிறதா? – வாசகர், கொழும்பு

கிடைத்திருக்கிறது. 1960-களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி, யூதாவின் தெற்கே நெகேப் வறண்ட நிலத்தில் உள்ள ஆராத் கோட்டையை அகழ்ந்தபோது, மைகொண்டு எழுதிய பானை ஓடுகள் பல வந்தன. கி.மு. 600-ஐ ஒட்டிய அவற்றில் 24-ஆம் எண் ஓடு ஒரு ராணுவ உத்தரவு. வீரர்களைக் கொண்டுபோய் ராமோத்-நெகேபில் எரேமியாவின் மகன் எலிசாவின் கையில் ஒப்படைக்க வேண்டும், ஏதோமியர் அங்கே வந்துவிடக்கூடாது என்கிறது. (அந்த எரேமியா தீர்க்கதரிசி அல்ல, எலிசாவும் அப்படியே. அன்றைய யூதாவில் வழங்கிய பெயர்கள்.) ‘ஒப்படை’ என்பதற்கு நம் வினையின் ஹிஃபீல். எழுதியவர் ‘பே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘பெத்’ போட்டிருக்கிறார். அவசரத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருக்கலாம்.

இக்கால எபிரெயம் கற்கும் செயலியில் ‘பாக்கீத்’ என்றால் கிளார்க் என்று வருகிறது. எரேமியா 20:1-இன் பஸ்கூர் கிளார்க்கா? – வாசகர், சிங்கப்பூர்

இல்லை. அவன் ஆலயத்தின் தலைமை விசாரணைக்காரன்; எரேமியாவை அடித்துத் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரம் உள்ளவன். இன்றைய இஸ்ரேலில் பாக்கீத் அலுவலக எழுத்தர், ‘மெஃபக்கேத்’ படைத்தளபதி, ‘பிக்காதோன்’ வங்கி வைப்புத்தொகை, ‘மிஃப்காத்’ வருகைக் கணக்கெடுப்பு. கடைசி இரண்டும் பழைய பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. முதலாவது பதவி இறங்கிவிட்டது.